வெறும் ‘தேர்ச்சி’யும் 600க்கு 600ம்: ஒரே செட், இரண்டு சான்றிதழ்கள்

2023 மே 8ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. திண்டுக்கல்லில் கொஞ்ச நாளைக்கு எங்கே போனாலும் ஒரே எண்தான் பேச்சு. அண்ணாமலையார் மில்ஸ் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவி ஒருவர் 600க்கு 600. தமிழ், ஆங்கிலம், பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், கணினிப் பயன்பாடுகள், ஆறிலும் நூறு. பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில்கூட “தமிழ்ல எப்படிங்க நூறு போடுவாங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல கேள்வி. பின்னால் அதற்கு வருகிறேன்.

எனக்கு அப்போது உறுத்தியது வேறு. அந்த வருஷம் பிளஸ் டூ எழுதிய செட் எது? 2021ல் பத்தாம் வகுப்பு முடித்த செட். கொரோனா காரணமாகப் பொதுத்தேர்வே நடக்காமல் எல்லோரையும் பாஸ் போட்ட வருஷம் அது. அந்த வருஷத்துப் பத்தாம் வகுப்புச் சான்றிதழை யாரிடமாவது வாங்கிப் பாருங்கள். மார்க் இருக்க வேண்டிய இடத்தில் மார்க் இருக்காது. தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். அதற்கு முந்தைய வருஷச் செட்டுக்குக்கூட (2020) காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவீதமும் வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்து ஒரு மார்க் போட்டார்கள். 2021 செட்டுக்கு அதுவும் இல்லை.

ஆக, ஒரே பிள்ளைகள். பதினைந்து வயதில் அரசாங்கம் அவர்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. பதினேழு வயதில் கடைசி மார்க் வரைக்கும் கறாராகச் சொன்னது. நடுவில் நாம் எதை இழந்தோம், எதைத் தெரிந்துகொண்டோம்? மார்க் என்பது எதை அளக்கிறது என்று யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மார்க்கிடம் நாம் மூன்று தனித்தனி கேள்விகளைக் கேட்கிறோம். ஒன்று, இவன் தேறினானா இல்லையா. இரண்டு, இவனும் அவளும் ஒரே சீட்டுக்கு வந்தால் யாருக்குக் கொடுப்பது. மூன்று, இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. மூன்றுக்கும் ஒரே எண்ணைத்தான் பதிலாக வைத்திருக்கிறோம். நம்ம ஊர் மார்க் முதல் கேள்விக்கு ஒரு மாதிரி பதில் சொல்லும். இரண்டாவதற்கு நன்றாகவே சொல்லும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் சொல்லாது. சொல்லாதது யாரையும் உறுத்துவதில்லை என்பதுதான் பிரச்சினை.

முதலில் 35ஐப் பிரித்துப் பார்ப்போம்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் நூறு மார்க். ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. எட்டு மார்க் இரண்டும் எது என்று ஊருக்கே தெரியும்: ஒன்று ஜியோமெட்ரி வரைவது, இன்னொன்று கிராஃப். இரண்டையும் சேர்த்தால் 16. ஒரு மார்க் கேள்விகள், புத்தகத்தின் பின்னால் இருப்பதை மனப்பாடம் செய்து நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, 14. இதுவே 30 ஆகிவிட்டது. ஒரே ஒரு ஐந்து மார்க் சரியாகப் போட்டால் 35. பாஸ்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஜனவரி மாதம் எந்தப் பத்தாம் வகுப்புக்குள் போனாலும் இதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் எடுத்து, அவர்களுக்குத் தனியாகக் குறைந்தபட்சக் கையேடு ஒன்று கொடுத்து, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைய வைப்பார்கள். ஆசிரியர்கள் மீது எனக்கு இதில் கோபம் இல்லை. ஒரு பிள்ளை அடுத்த படிக்குப் போக வேண்டும் என்றால் இருக்கிற மூன்று மாதத்தில் செய்யக்கூடியது அதுதான். ஜியோமெட்ரி வரைவதும் ஒரு திறமைதானே. ஆனால் அந்த 35ஐ வைத்துக்கொண்டு, இந்தப் பையனுக்கு நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் வருஷத்துக்கு எவ்வளவு கட்டுவோம் என்று தெரியுமா, ஒட்டன்சத்திரம் மண்டியில் எடை கழிவு போக எவ்வளவு கைக்கு வரும் என்று போடத் தெரியுமா என்று கேட்டால், மார்க் ஷீட்டில் பதில் கிடையாது. 35 வாங்கிய இரண்டு பையன்களில் ஒருவனுக்குச் சதவீதம் தெரியும், வரையத் தெரியாது, இன்னொருவனுக்கு நேர்மாறு. சான்றிதழில் இரண்டும் ஒன்றுதான்.

பிளஸ் டூவில் இன்னும் சுவாரஸ்யம். செய்முறைத் தேர்வு இல்லாத பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. பாஸாக எழுத்தில் குறைந்தது 25 வேண்டும், மொத்தம் 35 வர வேண்டும். அகமதிப்பீட்டில் பத்துக்குக் குறைத்துப் போடும் பள்ளியை நான் பார்த்தது அபூர்வம். அப்படியானால் உண்மையான பாஸ் மார்க் 90க்கு 25, அதாவது 28 சதவீதம்கூட இல்லை. இயற்பியல் மாதிரி செய்முறை உள்ள பாடத்தில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் 15 எடுத்தால் போதும். அதே இயற்பியல் தாளில் ஒரு மார்க் கேள்விகள் எத்தனை தெரியுமா? 15. இது தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு வரிகூட முழுதாக எழுதாமல் ஒருவர் பிளஸ் டூ இயற்பியல் பாஸ் ஆகலாம் என்பது கணக்குப்படி சரி.

இதைப் படித்துவிட்டு “அப்போ பாஸ் மார்க்கை 50 ஆக்கிடலாமே” என்று சிலர் கிளம்புவார்கள். ஆக்கினால் என்ன நடக்கும்? கையேடு இன்னும் இருபது பக்கம் கூடும். கொஞ்சம் பேர் வெளியே நிற்பார்கள். யாருக்கு என்ன தெரியும் என்ற கேள்வி அப்படியே இருக்கும். கோட்டை மேலே ஏற்றுவதும் அளவுகோலைச் சரிசெய்வதும் ஒன்றில்லை.

இப்போது மேல் முனை. டீக்கடைக் கேள்விக்கு வருவோம்: தமிழில் எப்படி நூறு?

2023 பிளஸ் டூவில் மாநிலம் முழுக்கக் கணக்குப்பதிவியலில் நூறு வாங்கியவர்கள் 6,573 பேர். வணிகவியலில் 5,678. கணினி அறிவியலில் 4,618. வேதியியலில் 3,909. இயற்பியலில் 812, கணிதத்தில் 690. ஆங்கிலத்தில் 15 பேர். தமிழில் 2 பேர். இரண்டே பேர். அதில் ஒருவர் நம்ம ஊர்.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, தமிழ் கஷ்டம், அக்கவுண்டன்சி சுலபம் என்று முடிவு கட்டிவிட முடியாது. விடைத்தாள் திருத்தும் முகாமில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தாளில் பெயர் இருக்காது, பதிவெண் இருக்காது, டம்மி எண்தான். உதவித் தேர்வாளர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். அவர் போட்டதை முதன்மைத் தேர்வாளர் பார்ப்பார், கூர்ந்தாய்வு அலுவலர் கூட்டலையும் விடுபட்டதையும் சரிபார்ப்பார். இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டால் அங்கே மார்க் குறைக்க வழியே இல்லை. ஒரு நெடுவினாவிலோ கட்டுரையிலோ அரை மார்க் குறைக்க நூறு காரணம் இருக்கும்: ஒற்று விட்டுப்போயிற்று, மேற்கோள் போதவில்லை, கையெழுத்து. திருத்துபவருக்கு ‘முழுசா எப்படிப் போடறது’ என்ற தயக்கமும் உண்டு. எனவே ஒரு பாடத்தில் நூறு என்பது கூரையில் போய் முட்டுவது. இன்னொரு பாடத்தில் கூரையே இல்லை. 6,573 பேரும் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் யார் இன்னும் உயரம் என்று அந்த அளவுகோலால் சொல்ல முடியாது. அடியில் 35 எப்படி மங்கலோ அதே மாதிரி உச்சியில் 100ம் மங்கல்தான்.

சீட்டுக்கு வரிசை போடும்போது இந்த மங்கல் நன்றாகத் தெரியும். பொறியியல் கலந்தாய்வில் கட்ஆஃப் 200க்கு: கணிதத்தில் பாதி, இயற்பியலில் கால், வேதியியலில் கால். நாலு பேர் ஒரே கட்ஆஃபில் நின்றால் கணிதம் பார், இயற்பியல் பார் என்று போய், எதுவும் பிரிக்காவிட்டால் கடைசியில் ராண்டம் எண். ஒரு வருஷ உழைப்பைச் சீட்டுக் குலுக்கல் முடித்துவைக்கிறது என்று அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது அந்த முறையிலேயே நேர்மையான பகுதியாகத் தெரிகிறது. 199.5ஐயும் 199ஐயும் பிரிக்கிற அளவுக்கு இந்தத் தராசு நுட்பமானது கிடையாது என்று அந்த இடத்தில் மட்டும்தான் ஒத்துக்கொள்கிறார்கள்.

2017ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். அதுவரை முதல் மூன்று இடம், டிவியில் பேட்டி, பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் என்று ஒரு திருவிழாவே நடக்கும். போட்டி ஆரோக்கியமாக இல்லை என்று எடுத்தது சரியான முடிவு. அதே ஆண்டு இன்னொரு முடிவும் எடுத்தார்கள், அதன் கதை கொஞ்சம் நீளம். பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்துக்கொண்டிருந்தார்கள். 1200க்கு 1190 வந்துவிடும். கல்லூரி முதல் வருஷத்தில் பையன் திணறுவான். இதைத் தடுக்க 2017-18லிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு, 1200க்குப் பதில் ஆண்டுக்கு 600 என்று கொண்டுவந்தார்கள். 2018லேயே பிளஸ் ஒன் மார்க் உயர்கல்விக்குச் சேராது என்று மாற்றினார்கள். 2021ல் பிளஸ் டூ தேர்வு நடத்த முடியாமல் போனபோது, யாரும் மதிக்காத அந்த பிளஸ் ஒன் மார்க்தான் கைகொடுத்தது: பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30. இப்போது 2025ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்த கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறையும், உண்மைதான். பழைய நோய் திரும்பாமல் இருக்க என்ன ஏற்பாடு என்பது இனிமேல் பார்க்க வேண்டியது.

அமெரிக்க உளவியலாளர் டொனால்டு கேம்ப்பெல் 1970களில் எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னால்: ஒரு எண்ணை வைத்துப் பெரிய முடிவுகள் எடுக்க ஆரம்பித்தால், எதை அளக்க வந்ததோ அதையே அந்த எண் வளைத்துவிடும். பிளஸ் ஒன் கதை அதற்கு நம்ம ஊர் உரை.

சரி, ஆல் பாஸ் செட்டுக்குத் திரும்புவோம். 2023ல் அவர்களுடைய பிளஸ் டூ தேர்ச்சி 94.03 சதவீதம். முந்தைய வருஷம் 93.76. அப்படியானால் பத்தாம் வகுப்புத் தேர்வே இல்லாமல் போனதால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லையே?

இங்கேதான் நிற்க வேண்டும். 94.03 என்பது எதில் 94.03? தேர்வு எழுதிய 8,03,385 பேரில் 7,55,451 பேர் தேர்ச்சி. எழுதியவர்களில். அந்த ஆண்டு மார்ச் 13ஆம் தேதி மொழித்தாள் அன்று, பெயர் பதிவாகியும் வராதவர்கள் 50 ஆயிரத்துக்கும் மேல். அப்போது அது பெரிய செய்தியாகி, சட்டமன்றம் வரை போயிற்று. அந்த ஐம்பதாயிரம் பேர் தோற்றவர்கள் பட்டியலில் இல்லை. தேர்ச்சி விகிதத்தில் அவர்கள் எங்கேயுமே இல்லை. கீழ் எண்ணில் அவர்களையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள், 94 என்பது 88க்கும் 89க்கும் நடுவில் வந்து நிற்கும். யாரும் பொய் சொல்லவில்லை. வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுத்ததோடு சரி.

யார் அவர்கள்? எங்கள் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு ஆய்வறிக்கை தேவையில்லை. வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் விடிகாலையில் ரோட்டில் நின்றால் நூற்பாலை வேன்கள் கிராமம் கிராமமாகப் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். கொரோனாவில் இரண்டு வருஷம் பள்ளி மூடியிருந்தபோது வேலைக்குப் போன பிள்ளைகளில் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது. ஹால் டிக்கெட்கூட வந்தது. ஆள் வரவில்லை. (600 வாங்கிய மாணவி படித்த பள்ளியின் பெயரிலும் ஒரு மில் இருக்கிறது. திண்டுக்கல்லில் மில் பள்ளிக்கூடமும் கட்டியிருக்கிறது, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை இழுத்தும் இருக்கிறது.)

2021ல் பத்தாம் வகுப்பில் மார்க் இல்லாமல் போனதன் உண்மையான நஷ்டம் ரேங்கோ சென்டமோ கிடையாது. யார் தடுமாறுகிறார்கள் என்று பார்க்க இருந்த ஒரே ஜன்னல் அந்த வருஷம் மூடிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வும் 2020ல் இல்லை. எட்டு வரைக்கும் கட்டாயக் கல்விச் சட்டப்படி யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதைத் தமிழ்நாடு இன்றும் வைத்திருக்கிறது, நான் அதற்கு ஆதரவு. ஆனால் பெயிலாக்கக் கூடாது என்றால், பெயிலாக்காமலேயே கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் அமைப்பில் பதினைந்து வயதில் வரும் பொதுத்தேர்வுதான் முதல் எக்ஸ்ரே. அதுவும் நோயைச் சொல்லாமல் ‘ஆள் தேறுவாரா’ என்று மட்டும் சொல்லும் எக்ஸ்ரே.

கண்டுபிடிக்கும் முறை வேறு மாதிரி இருக்க முடியுமா? இருக்கிறது, அதன் முடிவுகள் நமக்குப் பிடிக்காது என்பதால் அதிகம் பேசுவதில்லை.

2010ல் பீசா என்ற சர்வதேசத் தேர்வை இந்தியாவில் இரண்டே மாநிலங்கள் எழுதின: தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம். பதினைந்து வயதுப் பிள்ளைகள், மாதிரியாகத் தேர்ந்தெடுத்த பள்ளிகள். தமிழ்நாட்டுக்கு வாசிப்பில் 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348. ஷாங்காய்க்கு 556, 600, 575. இந்த எண்கள் எத்தனைக்கு எத்தனை என்று கேட்கக் கூடாது. அவை அப்படி அமைந்தவை இல்லை. வளர்ந்த நாடுகளின் சராசரி 500க்குப் பக்கத்தில் வரும்படியும், மாணவர்களிடையேயான பரவல் சுமார் 100 இருக்கும்படியும் அமைத்த அளவுகோல் அது. 337 என்றால் சராசரியிலிருந்து ஒன்றரைப் பரவலுக்கும் கீழே. வாசிப்பில் அடிப்படை நிலையைத் தொட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சுமார் 17 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். அதே காலத்தில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 85 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

85ம் உண்மை, 17ம் உண்மை. நம் தேர்வு, படித்த பாடத்தைத் திரும்ப எழுதச் சொல்லும். பீசா, இதுவரை பார்த்தே இராத ஒரு துண்டுப் பிரசுரத்தையோ அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கும். வெளிநாட்டுச் சூழலில் எழுதிய கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று ஒரு வாதம் வந்தது. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு, 150 புள்ளி அளவுக்கு நியாயம் இருக்கிறதா என்பது சந்தேகம். அடுத்த மூன்று சுற்றுகளில் (2012, 2015, 2018) இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. தராசு எடை குறைவாகக் காட்டினால் தராசைத் தூக்கிப் பரணில் போடுவது நம் வழக்கம்.

அதைவிட எளிமையானது பிரதம் நிறுவனத்தின் ஏசர் ஆய்வு, 2005லிருந்து நடக்கிறது. வீட்டு வாசலில் பிள்ளையை உட்கார வைத்து ஒரே ஒரு தாளைக் கொடுப்பார்கள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. எது வரைக்கும் வாசிக்கிறது? அவ்வளவுதான். 2018ல் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் 10 சதவீதம் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தார்கள். கொரோனாவுக்குப் பின் 2022ல் 5 சதவீதத்துக்கும் கீழே போயிற்று. ஏசரின் முறையோடு மாநில அரசுக்கு மனஸ்தாபம் உண்டு. 2025ல் மாநிலமே மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு அடைவுத் தேர்வு நடத்தியது. யாருடைய எண் சரி என்ற சண்டை நல்லதுதான். சண்டை வர வேண்டுமானால் இரண்டு பேரும் அளக்க வேண்டுமே.

மாதிரி எடுத்து அளப்பது அமெரிக்காவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்த யோசனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1937ல் வார்தா மாநாட்டுக்குப் பின் ஜாகிர் உசேன் குழு ஆதாரக் கல்விக்குத் திட்டம் எழுதியது. அதில் அன்றைய பரீட்சை முறையை மிகக் கடுமையாகச் சாடிவிட்டு, ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் எப்படி இருக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் சில மாணவர் குழுக்களை மாதிரியாக எடுத்துச் சோதித்தால் போதும் என்று எழுதினார்கள். பிள்ளையைத் தண்டிக்காமல் பள்ளியை அளப்பது. ஆதாரக் கல்வியைக் கையால் செய்து பார்த்த இடங்களில் ஒன்று திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், சின்னாளப்பட்டியை ஒட்டி இருக்கிற காந்திகிராமம். சௌந்தரம் அம்மாளும் ஜி.ராமச்சந்திரனும் 1947ல் தொடங்கியது. நூற்றல், நெசவு, தோட்டம் வழியாகக் கணக்கும் மொழியும் கற்பது அதன் அடிப்படை. நூல் அறுந்தால் அறுந்தது கண்ணுக்குத் தெரியும். மார்க் போட ஆள் வேண்டாம். ஆதாரக் கல்வி நாட்டில் நிலைக்காமல் போனதற்கு ஆயிரம் காரணம். உத்தியோகத்துக்குச் சான்றிதழ் கேட்டார்கள், இந்தப் பள்ளிகளிடம் சமமான எண் இல்லை என்பது அதில் முக்கியமானது. வரிசை போடும் கேள்வி, என்ன தெரியும் என்ற கேள்வியை அன்றும் ஜெயித்தது.

இடையில் 2012-13ல் முப்பருவ முறை வந்தபோது ஒரு வாய்ப்பு வந்தது. வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60, மார்க்குக்குப் பதில் A1, A2, B1 என்று கிரேடு. எண்ணை எழுத்தாக மாற்றினால் பதற்றம் குறையும் என்று நினைத்தார்கள். பெற்றோர் ஒரே வாரத்தில் A1 என்றால் 91க்கு மேல் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வளரறி மதிப்பீடு என்பது ஃபேன்ஸி ஸ்டோரில் சார்ட் வாங்கி ஒட்டும் வேலையாகப் போயிற்று. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்கு நம்பிக்கை தருவது 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும். கொரோனா இடைவெளியைச் சரிக்கட்ட முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகள், அடுத்த ஆண்டு ஐந்து வரை. அதில் பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல் நிலை வாரியாகப் பார்க்கிறார்கள்: அரும்பு, மொட்டு, மலர். அரும்பு என்றால் எழுத்து கூட்டத் திணறுகிற நிலை. அவளுக்கு அரும்பு நிலைப் பயிற்சி. தேறினால் மொட்டு. இந்தச் சொற்களை யார் தேர்ந்தெடுத்தார்களோ நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். ‘பெயில்’ என்றால் முடிந்தது. ‘அரும்பு’ என்றால் பாக்கி இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆசிரியருக்கு நாளைக்குக் காலையில் என்ன சொல்லித்தர வேண்டும் என்று தெரிகிறது. 42 என்ற எண்ணைக் கேட்டால் அது தெரியாது. நடைமுறையில் ஆன்லைனில் பதிவேற்றும் வேலை கூடிவிட்டது என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதையும் சேர்த்தே சொல்கிறேன். செயலி சுற்றிக்கொண்டே இருக்கும்போது அரும்பும் காத்திருக்கும், மலரும் காத்திருக்கும்.

ஐந்தோடு அது நின்றுவிட்டது. ஆறிலிருந்து மறுபடியும் ரேங்க் கார்டு, எண், ‘கவனம் தேவை’ என்று ஒரு வரி, அப்பா கையெழுத்து. 2025ல் ஆறு முதல் ஒன்பது வரை, அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்காகத் ‘திறன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு அடிப்படைத் தேர்வு வைத்து, யாருக்கு எது வரவில்லை என்று பிரித்து, தனிப் புத்தகத்தோடு தனி நேரம். 2021ல் சான்றிதழில் வெறும் ‘தேர்ச்சி’யோடு வெளியே வந்த செட்டுக்கு இது கிடைத்திருந்தால் அந்த ஐம்பதாயிரத்தில் எத்தனை பேர் மார்ச் 13 காலையில் ஹாலுக்கு வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட வழி இல்லை.

உங்கள் வீட்டில் ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் “எத்தனை மார்க் சார்?” என்பதற்குப் பதில், “பின்னம் கூட்ட வருதா சார்? புதுப் பத்தி ஒண்ணு கொடுத்தா வாசிச்சிட்டு அவ வார்த்தையில சொல்றாளா?” என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்கச் சொன்ன சிலரிடம் ஆசிரியர்கள் முதலில் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். பிறகு உட்காரச் சொல்லிப் பத்து நிமிஷம் பேசியிருக்கிறார்கள்.